முட்டைய விட்டு அதுவே வெளிய வரட்டும்

வணக்கம் சேலம் நேயர்களே. ஆமைக்குட்டி பொரியறதப் பத்தி கொஞ்சம் பேசுங்கன்னு நிலையத்துல இருந்து கூப்பிட்டாங்க, உடனே சரின்னுட்டேன். காலேஜ்ல விலங்கியல் பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவ நான், பசங்கள ஜூவுக்கு கூட்டிட்டுப் போறதுதான் என் வேலையிலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

2025 பிப்ரவரில அமெரிக்காவுல பிலடெல்பியா ஜூவுல கலபகோஸ் ராட்சச ஆமை முட்டை பொரிச்சுது, நீங்க வாட்ஸப்ல பார்த்திருப்பீங்க. அந்த ஜூவோட 150 வருஷத்துக்கு மேலான சரித்திரத்துல அந்த இனத்துல அங்க பொரிச்ச முதல் குட்டிங்க. அம்மா ஆமைக்கு பேரே மம்மி, வயசு ஏறக்குறைய 100, 1932ல இருந்து அங்கயே இருக்கு. முந்தின நவம்பர்ல 16 முட்டை போட்டுச்சு, அதுல நாலு பொரிச்சுது. குட்டி ஒவ்வொண்ணும் 70, 80 கிராம்தான், ஆனா வளர்ந்த ஆண் 200 கிலோவத் தாண்டிரும். நூறு வயசுல அம்மாவான்னு எல்லாரும் ஆச்சரியப்பட்டு ஷேர் பண்ணாங்க, எனக்கு என்னவோ நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் அந்த முட்டைங்கள பார்த்துக்கிட்ட ஜூ ஊழியர்கள் மேலதான் மனசு போச்சு. ஏன்னா ஆமை முட்டை விஷயத்துல இருக்கறதுலயே கஷ்டமான வேலை, கைய வெக்காம இருக்கறது.

நம்ம ஊர் ஆமையையே எடுத்துக்குவோம். நட்சத்திர ஆமை, ஓடு மேல மஞ்சள் கோடு கதிர் கதிரா விரிஞ்சிருக்குமே அதுதான். தண்ணியில இருக்கறது இல்ல, தரை ஆமை, வறண்ட முள்ளுக்காடும் புதரும் புல்லும்தான் அதோட இடம். தமிழ்நாடு, ஆந்திரா, ராஜஸ்தான், குஜராத், இலங்கைன்னு இருக்கு. பெட்டை ஆமை முட்டை போட இடம் தேடி, மண்ணு கெட்டியா இருந்தா அதுவே மூத்திரத்த விட்டு நனைச்சு, பின்னங்காலால மாத்தி மாத்தி தோண்டும், திரும்பிக் கூட பார்க்காது, எல்லாம் பின்னங்கால் உணர்ச்சியிலயே நடக்கும். முட்டைய போட்டு மண்ண மூடி, அடிவயித்து ஓட்டால தட்டி தட்டி சமன் பண்ணிட்டு கிளம்பிரும். அவ்வளவுதான் அம்மாவோட வேலை, அடை காக்கறதும் இல்ல, குட்டிக்கு தீனி குடுக்கறதும் இல்ல. அப்புறம் மூணு மாசத்துல இருந்து அஞ்சு மாசம் வரைக்கும் கூட அந்த முட்டை மண்ணுக்குள்ளயே கிடக்கும்.

ஜூவுல அந்த இடத்த கண்டுபிடிச்சா முட்டைய மெதுவா எடுத்து இன்குபேட்டர்ல, அதாவது சூடு மாறாம வெச்சுக்கற பெட்டியில, வைப்பாங்க. எடுக்கறதுக்கு முன்னாடி மேல்பக்கத்துல பென்சிலால சின்னதா ஒரு குறி போடுவாங்க. இது ஏன்னு பசங்க கட்டாயம் கேப்பாங்க. அடைக்கோழி தன்னோட முட்டைய அலகால உருட்டிக்கிட்டே இருக்கும், உருட்டலன்னா குஞ்சு சரியா பொரியாது. ஆமை முட்டை அப்படியே நேர்மாறு, கரு ஓட்டோட மேல்பக்கம் ஒட்டினதுக்கு அப்புறம் முட்டைய புரட்டிட்டா கரு செத்துப்போகலாம். அதனால அந்த பென்சில் குறி கடைசி வரைக்கும் மேல பார்த்தே இருக்கணும்.

இன்னொன்னு சூடு. ஆணா பெண்ணான்னு முடிவு பண்றது முட்டை இருக்கற இடத்தோட வெப்பம். நட்சத்திர ஆமைக்கு 30 டிகிரிக்குக் கீழ இருந்தா பெரும்பாலும் ஆண், 32 பக்கம் போனா பெரும்பாலும் பெண். ஒரே சூட்டுல எல்லா முட்டையையும் வெச்சா எல்லாம் ஒரே பாலா போயிடலாம். பொரிச்ச குட்டிய பார்த்து ஆணா பெண்ணான்னும் சொல்ல முடியாது, வளர்ந்து வால் நீளமும் அடி ஓடும் மாறினாத்தான் தெரியும். நம்ம சேலத்து ஏப்ரல் மே வெயில நினைச்சுக்கோங்க, வெளிய 40 தாண்டுது, மண்ணுக்குள்ள கொஞ்ச ஆழத்துல இருக்கற முட்டைக்கு எவ்வளவு சூடு ஏறும், வருஷா வருஷம் வெயில் கூடிக்கிட்டே போனா என்ன ஆகும், எனக்கு அது உண்மையிலயே கவலைதான்.

பொரியறத நான் ஒரு ஜூவுல பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். முட்டைப் பெட்டி வெச்ச மேசையோட நாலு காலுக்கும் கீழ தண்ணி ஊத்தின கிண்ணம், நம்ம சமையலறையில பலகாரப் பானைக்கு கீழ வைப்போமே அதேதான், எறும்பு ஏறக்கூடாதுன்னு. முட்டை லேசா விரிசல் விட்டா போதும், எறும்பு மோப்பம் பிடிச்சு வந்து உயிரோட இருக்கற குட்டிய கடிச்சுரும். விரிசல் விழறது குட்டியோட மூக்கு நுனியில இருக்கற ஒரு சின்ன முள்ளு மாதிரி பல்லால, அந்த பல்லு இதுக்குன்னே முளைச்சு கொஞ்ச நாள்ல உதிர்ந்துரும். ஓட்டுல ஒரு ஓட்டை, அதுக்குள்ள மூக்கு, அதுக்கப்புறம் ஒண்ணுமே நடக்காது. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம், ராத்திரி முழுக்க. மறுநாள் ஒரு கால் வெளிய வரும், திரும்ப தூங்கிரும். கூட இருந்த பொண்ணு, "மேடம் மூச்சு திணறுது போல, கொஞ்சம் ஓட்ட பிச்சு விடலாமா"ன்னு அழுகிற மாதிரி கேட்டுச்சு. அங்க வேலை பார்க்கற அண்ணன் ரொம்ப நிதானமா, "வேண்டாம் கண்ணு, அது இன்னும் சாப்பிட்டு முடிக்கல"ன்னார்.

அதுதான் விஷயம். குட்டியோட வயித்துல மஞ்சக்கரு பை இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கும், அது உள்ள முழுசா இழுத்துக்கற வரைக்கும் குட்டி ஓட்டுக்குள்ளயே கிடக்கும். நம்ம அவசரப்பட்டு பிச்சு எடுத்தா அந்த பை கிழியும், ரத்தம் வரும், கிருமி ஏறும், குட்டி போயிரும். ரெண்டு நாள் மூணு நாள் ஆனாலும் பரவாயில்லன்னு விடணும். வெளிய வந்ததும் பார்த்தா உடம்பே நடுவுல மடிஞ்ச மாதிரி இருக்கும், அத்தனை நாள் உருண்டைக்குள்ள சுருண்டு கிடந்ததுனால, அதுவும் கொஞ்ச நாள்ல தானா நேராயிரும். மூணு நாலு சென்டிமீட்டர்தான், உள்ளங்கையில வெச்சா நகம் மட்டும் லேசா பிராண்டும்.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். ஏற்காடு அடிவாரம், கஞ்சமலை, ஜருகுமலை, அங்கங்க நிக்கற கரடுங்க, இந்த மாதிரி புதர்க்காட்டுப் பக்கம் மழை பேஞ்சதும் ஆமை வெளிய வரும், ஆடு மேய்க்கறவங்க, பள்ளிக்கூடப் பசங்க கண்ணுல படும். அப்படியே எடுத்துட்டு வந்து அன்னக்கூடையில போட்டு சோறும் தக்காளியும் பாலும் வெக்கறாங்க. பிரியத்துலதான் பண்றாங்க, அது எனக்குத் தெரியும். ஆனா அது புல்லும் இலையும் பூவும் கள்ளியும் தின்னு வளர்ற ஜீவன், சோத்துல சுண்ணாம்புச்சத்தும் கிடையாது, நிழல்லயே வெச்சா வெயிலும் படாது, ஓடு மெத்துன்னு போய் மேல மேல கூம்பு கூம்பா கோணிக்கும். ஒரு வீட்டுல அப்படி ஒண்ண தொட்டுப் பார்த்தேன், விரல் அமுங்குச்சு. ரெண்டு நாள் தூக்கமே வரல.

ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு நம்ம பாட்டிங்க சொன்னது ஒரு விதத்துல ஆமைய காப்பாத்திச்சு. இப்ப ஆமை வெச்சா ராசின்னு புதுசா கிளம்பியிருக்கு, அதுக்காகவே பிடிச்சு விக்கறாங்க, விமானத்துல வெளிநாட்டுக்கும் கடத்தறாங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல 2022ல செஞ்ச திருத்தத்துக்கு அப்புறம் நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில இருக்கு, புலிக்கு இருக்கற அதே இடம். வீட்டுல வெக்கறதே குற்றம். 2019ல உலக அளவுலயும் வியாபாரத்துக்கு தடை வந்துருச்சு.

பிடிபட்ட ஆமைங்கள ஜூவுல குட்டி போட வெச்சு காட்டுல விட்டா என்னன்னு கேப்பீங்க. எந்த ஊர் ஆமைன்னே தெரியாம கலந்து விட்டா நம்ம பக்கத்து ஆமையோட வம்சமே மாறிரும், நோயும் ஒட்டும். அதனால குட்டி பொரிச்சா சந்தோஷப்படுவேன், ஆனா பொரிச்ச எண்ணிக்கைய மட்டும் வெச்சு எந்த ஜூவையும் பாராட்ட மாட்டேன்.

கடைசியா ஒண்ணு, இத குறிச்சு வெச்சுக்கோங்க. பயந்துபோய் வீட்டுல இருக்கற நட்சத்திர ஆமைய மூக்கனேரியிலயோ கோயில் குளத்துலயோ விட்டுட்டு வந்துராதீங்க, அதுக்கு நீந்தத் தெரியாது, மூழ்கிரும். ஏரியில வாழறது பாலாமை மாதிரி வேற ஆமைங்க. ரோட்டுல பார்த்தா, அது எந்தப் பக்கமா போய்க்கிட்டு இருந்துச்சோ அந்தப் பக்கமே ஓரமா எடுத்து விட்டுருங்க. வீட்டுல இருந்தா ஒரு அட்டைப்பெட்டியில ஓட்டை போட்டு, தண்ணி ஊத்தாம, வனத்துறை ஆபீஸ்ல குடுத்துருங்க. கொண்டு போக கூச்சமா இருந்தா அவங்களுக்கு போன் பண்ணாலே வந்து வாங்கிக்குவாங்க. நன்றி, வணக்கம்.