கருணை மனுவில் யாருடைய மன்னிப்பு?

நேயர்களுக்கு வணக்கம்.

பஸ்ஸில் ஒருவர் காலை மிதித்துவிட்டால் "மன்னிச்சிருங்க" என்கிறோம். மிதிபட்டவர் "பரவாயில்லை" என்கிறார். அதோடு சரி. தூக்குத் தண்டனைக் கைதி கருணை மனு எழுதும்போது அந்தப் "பரவாயில்லை"யை யார் சொல்வது?

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு காவலர்கள், தொண்டர்கள் எனப் பலரும் செத்துப்போனார்கள். அந்தக் கொலை வழக்கில் நளினிக்குத் தூக்கு உறுதியானபோது, சிறையில் அவர் பெற்ற பெண் குழந்தை இருந்தது. அவருக்குக் கருணை காட்டச் சொன்னவர் சோனியா காந்தி. 2000இல் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. 2008இல் ராஜீவின் மகள் பிரியங்கா வேலூர் சிறைக்கே போய் நளினியைப் பார்த்தார். எவ்வளவு பெரிய மனசு! ஆனால் அன்று செத்த ஒரு காவலரின் மனைவிக்காகவும் சேர்த்து சோனியா மன்னிக்க முடியாது. அந்த வீட்டார் விடுதலை கூடாது என்றால், அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்படியானால் அரசியல் சாசனத்தின் 72ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்கும், 161ஆவது பிரிவு ஆளுநருக்கும் கொடுத்திருக்கும் அதிகாரம் எதற்கு? அது அந்த வீட்டாருக்குப் பதிலாக மன்னிப்பதற்கு இல்லை. தீர்ப்பில் பிசகு உண்டா, பட்ட தண்டனை போதாதா என்று இன்னொரு முறை பார்ப்பதற்கு.

அதே வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற பேரறிவாளனைப் பிடித்தபோது வயது 19. ராஜீவைக் கொன்ற குண்டுக்கு இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. எதற்கு என்று தெரியாது என அவர் சொன்னதை எழுதாமல் விட்டுவிட்டேன் என்று வாக்குமூலம் பதிந்த அதிகாரியே 2013இல் சொன்னார். இப்படிப்பட்ட இடத்துக்காகத்தானே அந்தப் பிரிவுகள்! பேரறிவாளனின் கருணை மனுவோ டெல்லியில் 11 ஆண்டு கிடந்து, 2011இல் தள்ளுபடியானது. தூக்குக்குத் தேதியும் குறித்தார்கள். உயர் நீதிமன்றம் தடுத்தது. இத்தனை தாமதம் பொறுக்க முடியாதது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ஆயுளாக்கியது.

2018 செப்டம்பரில் அவரை விடுதலை செய்யலாம் என்று தமிழக அமைச்சரவை பரிந்துரைத்தது. ஆளுநர் அதற்குக் கட்டுப்பட்டவர். ஆனாலும் இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து, கோப்பை டெல்லிக்கு அனுப்பினார். சிறைக்கும் கோர்ட்டுக்கும் நடந்து நடந்து அவருடைய அம்மா அற்புதம்மாள் கிழவியாகிவிட்டார்.

2022 மே 18 அன்று முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் தரும் 142ஆவது பிரிவின்படி அந்த நீதிமன்றமே பேரறிவாளனை விடுவித்தது. அந்த மனுவில் ஆளுநரின் ஒப்புதல் கையெழுத்து கடைசிவரை விழவில்லை.