கடவுள் நடந்த தடம்

எல்லாருக்கும் வணக்கம். ஐக்கூ பற்றிப் பேசக் கூப்பிட்டால் தவளை குதித்த குளத்தில்தான் எல்லாரும் தொடங்குவார்கள். ஜப்பானியக் கவிஞர் பாஷோவின் ஐக்கூவில் அந்தத் தவளை 1686இல் குதித்தது, பாவம், இனியாவது கரையேறட்டும். நாம் ஒரு ஏரிக்குப் போவோம்.

ஜப்பானின் நகானோ பகுதியில், மலைகளுக்கு நடுவே, கடல்மட்டத்திலிருந்து 759 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சுவா ஏரி. ஏரிக்குத் தெற்கே தகேமினகதா என்ற ஆண் தெய்வத்தின் கோயில், வடக்கே அவர் மனைவி யசகதோமேயின் கோயில். ஊர்க்காரர்கள் சொல்கிற கதை ரொம்பச் சின்னது. குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் ஒரு ராத்திரி அவர் பனிக்கட்டி மேலேயே நடந்து மனைவியைப் பார்க்கப் போவார். விடிந்து பார்த்தால், வயல் வரப்பு மாதிரி, ஏரிக்குக் குறுக்கே பனி மேடு கட்டி நிற்கும். அதுதான் அவர் போன தடம். ஒமிவதாரி என்பார்கள், கடவுள் கடந்துபோவது என்று அர்த்தம்.

உண்மையில் நடப்பது இதுதான்: இரவில் குளிர் மைனஸ் 10 டிகிரி வாக்கில் இறங்கும்போது பனித்தகடு சுருங்கி வெடிக்கிறது, வெடிப்பில் ஏறிய தண்ணீரும் உறைந்துவிடுகிறது, பகலில் சூடேறித் தகடு விரியப் பார்க்கிறது, விரிய இடமில்லாமல் விளிம்புகள் முட்டிக்கொண்டு மேலே எழும்புகின்றன. வெடிக்கிற சத்தம் கரைவரை கேட்கும். இந்த விளக்கம் தெரிந்த பிறகும் எனக்குக் கதை குறையவே இல்லை. அந்த ஊர்க் கோயில்காரர்களுக்கும் அப்படித்தான் போல, 1443 முதல் வருஷா வருஷம் ஏரி உறைந்ததா, தடம் வந்ததா, எந்தப் பக்கம் போனது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தடத்தின் போக்கைப் பார்த்து விளைச்சலுக்குக் குறிசொல்வதும் உண்டு.

இந்த ஒமிவதாரி ஐக்கூவில் ஒரு கிகோ, அதாவது பருவச்சொல். நம் அகப்பாட்டில் கார்காலம் என்றாலே முல்லையும் காத்திருப்பும் கூடவே வந்துவிடுகிறதே, அந்த மாதிரி. இந்த ஒரு சொல்லை எழுதினால் குளிர், உறைந்த நீர், ராத்திரி, பிரிந்திருக்கிற இரண்டு பேர், எல்லாம் உள்ளே வந்துவிடும். பாரதி 1916லேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிவிட்டார், ஆனால் அப்புறம் வந்த நம்மில் பலர் மூன்று வரியை மட்டும் வாங்கிக்கொண்டு பருவச்சொல்லை அங்கேயே விட்டுவிட்டோம் என்பது என் குறை. நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். என் முதல் முயற்சியைக் கேளுங்கள்:

மனைவியைத் தேடி
உறைந்த ஏரியில் நடக்கிறார்
தனிமை பொறுக்காத கடவுள்

கைதட்டாதீர்கள், இது மோசம். கதையைச் சுருக்கி மூன்றாக மடக்கியிருக்கிறேன், அவ்வளவுதான். போதாததற்குத் தனிமை என்று நானே சொல்லியும் கொடுத்துவிட்டேன், கேட்கிறவருக்குச் செய்ய என்ன இருக்கிறது? பல மாதம் கழித்துத்தான் இது வந்தது:

ஒமிவதாரி
பக்கத்துப் படுக்கையில்
மடித்தபடியே போர்வை

கடவுளும் இல்லை, ஏரியும் இல்லை. கேட்ட நண்பர் ஒருவர், ஆள் வெளியூரா, செத்துப்போனாரா, கோபித்துக்கொண்டு போய்விட்டாரா என்று விசாரித்தார். எனக்கும் தெரியாது. ஒருவர் நடந்து வந்துசேர்ந்த ராத்திரியில் இன்னொரு வீட்டுப் போர்வை பிரிக்கப்படவில்லை, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. 2018 குளிர்காலத்தில் தடம் வந்தது. அதற்குப் பிறகு பல வருஷம் ஏரி சரியாக உறையவே இல்லை, குளிர் போதவில்லை. அப்படிப்பட்ட வருஷங்களுக்கும் அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது, அகேனோஉமி, உறையாமல் திறந்தே கிடக்கும் நீர். ஆனாலும் ஜனவரி தொடக்கத்திலிருந்து ஒரு மாதம், தினமும் விடியற்காலையில் யாட்சுருகி கோயில் பூசாரியும் ஊர்க்காரர்களும் கரைக்குப் போய்க் குளிரை அளந்து குறித்துக்கொள்கிறார்கள். கடவுள் வரவில்லை என்பதையும் எழுதித்தானே ஆகவேண்டும்.

அதை வைத்து ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கடைசி வரியில் எனக்கு இன்னும் திருப்தி இல்லை, இருந்தாலும் படித்துவிடுகிறேன்:

திறந்த நீர்
வெப்பமானியைத் துடைத்து
மறுபடி இறக்குகிறார்