தக்காளி விலை சம்பளத்தில் ஏற எட்டு மாதம்: விலைக் குறியீட்டெண்ணும் அகவிலைப்படியும்

[காட்சி: காய்கறிக் கடை. தக்காளிக் கூடையில் விலை எழுதிய அட்டை.]

2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க அரசே ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. அந்த ஒரே மாதத்தில், தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான அகில இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டெண் 136.4-லிருந்து 139.7-க்கு ஏறியது. இந்த 3.3 புள்ளிகள் உழைப்பவரின் சம்பளத்துக்கு எந்த வழியாக, எவ்வளவு தாமதமாக வந்து சேர்கின்றன என்று பார்ப்போம்.

[காட்சி: இந்திய வரைபடம். குன்னூர், சேலம், கோவை ஒளிர்கின்றன.]

இந்த எண்ணைக் கணக்கிடுவது மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழுள்ள தொழிலாளர் பணியகம். நாடெங்கும் 88 மையங்களில், 317 சந்தைகளில் விலை சேகரிக்கப்படுகிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வாழும் குன்னூரும் அவற்றில் ஒன்று. 2016-ஆம் ஆண்டின் விலையை 100 என்று வைத்துக்கொண்டு, அன்று ஒரு தொழிலாளர் குடும்பம் 100 ரூபாய்க்கு வாங்கிய அதே பொருள்களை இன்று வாங்க எவ்வளவு ஆகும் என்பதே குறியீட்டெண் சொல்லும் செய்தி.

[காட்சி: வெள்ளைப் பலகையில் கணக்கு.]

விலை ஏற்றத்துக்கு ஈடாக அடிப்படை ஊதியத்தோடு சேர்த்துத் தரப்படுவது அகவிலைப்படி. மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படியை எடுத்துக்கொள்வோம். 2023-இன் பன்னிரண்டு மாதக் குறியீட்டெண்களின் சராசரி 136.4. ஏழாவது ஊதியக் குழுவின் கணக்கு 2001-ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய வரிசையில் இருப்பதால், இதை 2.88 என்ற இணைப்புக் காரணியால் பெருக்கினால் 392.83 கிடைக்கும். ஊதியம் நிர்ணயிக்கப்பட்டபோது இருந்த அளவான 261.42-ஐ இதிலிருந்து கழித்து, மீதியை அதே 261.42-ஆல் வகுத்தால் 50.27 சதவீதம். தசமம் விடப்பட்டு, 2024 ஜனவரி முதல் 50 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் 46 சதவீதம். ஆகவே 18,000 ரூபாய் அடிப்படை ஊதியம் பெறுபவருக்கு மாதம் 720 ரூபாய் கூடியது.

அந்த அறிவிப்பு வந்தது மார்ச் மாதத்தில். ஜூலையில் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய தக்காளிக்கு, எட்டு மாதம் கழித்து, அதுவும் பன்னிரண்டில் ஒரு பங்காகக் கரைந்துதான் ஈடு கிடைக்கிறது. நிலுவைத் தொகை வரும் என்பது உண்மைதான். ஆனால் இடைப்பட்ட மாதங்களில் வாங்கிய கடனுக்குக் கட்டிய வட்டி எந்தக் குறியீட்டெண்ணிலும் ஏறுவதில்லை. அதனால் அகவிலைப்படி உயர்வைச் சம்பள உயர்வு என்று எழுதுவது தவறு என்றே நான் கருதுகிறேன்: கரைந்துபோன சம்பளத்தின் ஒரு பகுதி திரும்பி வருகிறது, அவ்வளவுதான். தொழிற்சங்கத்தினர் இதைப் பஞ்சப்படி என்று சொல்லும் பழைய பெயரே பொருளுக்கு நெருக்கமானது.

[காட்சி: தராசு. ஒரு தட்டில் அரிசியும் பருப்பும், மறுதட்டில் வாடகை ரசீதும் பேருந்துச் சீட்டும்.]

தாமதத்தைப் போலவே கவனிக்க வேண்டியது எடைமானம், அதாவது குறியீட்டெண்ணில் ஒவ்வொரு வகைச் செலவுக்கும் தரப்படும் பங்கு. பழைய வரிசையில் உணவுக்கு 46.2 சதவீதமாக இருந்த எடை, 2016 வரிசையில் 39.17 சதவீதமாகக் குறைந்துவிட்டது. சராசரிக் குடும்பத்தின் செலவு அப்படி மாறியிருக்கலாம். ஆனால் வருமானத்தில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக்கே போகும் வீட்டில், அரிசியும் பருப்பும் ஏறும்போது ஏற்படும் அடி இந்த எண் காட்டுவதைவிடப் பெரியது.

தமிழ்நாட்டின் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கைகளில் வேறு முறை உண்டு. சென்னை நகரக் குறியீட்டெண்ணின் முந்தைய ஆண்டுச் சராசரி, குறித்த அளவைத் தாண்டி ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தனை ரூபாய் என்று கணக்கிட்டு, ஏப்ரல் 1 முதல் அகவிலைப்படியைத் திருத்துகிறார்கள். சதவீதக் கணக்கில் அடிப்படை ஊதியம் பெரியவருக்குத் தொகையும் பெரிதாகும். புள்ளிக் கணக்கில் ஒரே தொழிலில் கடைநிலைத் தொழிலாளிக்கும் மேல்நிலைத் தொழிலாளிக்கும் ஒரே தொகை. குறைந்த கூலிக்காரருக்கு இந்த இரண்டாவது முறையே நியாயமானது.

[காட்சி: ஊதியச் சீட்டு, அருகில்.]

உங்கள் தொழில் அந்த அறிவிக்கையில் இருந்தால், ஏப்ரல் மாத ஊதியச் சீட்டில் அடிப்படை ஊதியம், அகவிலைப்படி என்று இரண்டு வரிகளைத் தேடுங்கள். இரண்டாவது வரியில் மார்ச் மாதத் தொகையே இருந்தால், குறியீட்டெண் ஏறிய ஆண்டில் உங்களுக்கு வரவேண்டியது வரவில்லை என்று பொருள்.