பத்தொன்பது ஆண்டுகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தூதுவன் தொகச் சொல்ல வேண்டும், கேட்போர் நகச் சொல்ல வேண்டும் என்று நம் முன்னோர் தூதுக்கு இலக்கணம் வகுத்து வைத்தார்கள். அந்த இலக்கணத்துக்குச் சற்றும் பொருந்தாத ஓர் அரசு, அதற்கு முற்றிலும் பொருந்திய ஒருவரைத் தன் வாயாக நியமித்துக்கொண்ட கதையைச் சொல்லவே இன்று இங்கு வந்திருக்கிறேன். அரசு, சோவியத் ஒன்றியம். மனிதர், கென்னாதி கெராசிமோவ்.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. இரண்டு நாள் கழித்து, ஸ்வீடனில் இருந்த கருவிகள் கதிர்வீச்சைக் காட்டிக்கொடுத்த பிறகே மாஸ்கோ வாய் திறந்தது. அதுவும் தொலைக்காட்சியில் நான்கைந்து வாக்கியங்கள். விபத்து நடந்திருக்கிறது, உலை சேதமடைந்திருக்கிறது, பாதிக்கப்பட்டோருக்கு உதவி செய்யப்படுகிறது, குழு அமைக்கப்பட்டுள்ளது. தொகச் சொன்னார்கள் என்று வேண்டுமானால் பாராட்டலாம்! அதே ஆண்டில்தான் கெராசிமோவ், எட்வர்ட் ஷெவர்த்நாத்சேயின் வெளியுறவு அமைச்சகத்துக்குச் செய்தித் தொடர்பாளரானார். அடிப்படையில் அவர் பத்திரிகைக்காரர். 1970களில் நோவோஸ்தி செய்தி நிறுவனத்தின் சார்பில் நியூயார்க்கில் பல ஆண்டுகள் இருந்தவர், பிறகு ‘மாஸ்கோ நியூஸ்’ இதழுக்கு ஆசிரியராக இருந்தவர். அமெரிக்க நிருபர் எந்தக் கேள்வியை எதற்காகக் கேட்கிறார் என்பதும், எதற்குச் சிரிப்பார் என்பதும் அவருக்குத் தெரியும்.

1987 வசந்த காலத்தில் சோவியத் தலைவர் கொர்பச்சேவ், செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராகுக்குப் போனார். 1968இல் அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் துப்செக் தொடங்கிய சீர்திருத்தத்தைச் சோவியத் டாங்கிகள் நசுக்கியிருந்தன. அதன் பிறகு மாஸ்கோவின் ஆதரவோடு பதவிக்கு வந்த ஹுசாக்தான் இப்போது விருந்தளிப்பவர். துப்செக்கின் சீர்திருத்தத்துக்கும் கொர்பச்சேவின் பெரெஸ்த்ரோய்கா என்னும் மறுசீரமைப்புக்கும் என்ன வேறுபாடு என்று ஒரு நிருபர் கேட்டார். வேறுபாடு உண்டு என்று விளக்கப் புகுந்தால், 1968இல் படை அனுப்பியது நியாயமே என்ற பழைய பொய்யைத் திரும்பச் சொன்னதாகும்; வேறுபாடே இல்லை என்றால், அந்தப் படையெடுப்பு தவறு என்று விருந்தளிப்பவரின் வீட்டு முற்றத்திலேயே ஒப்புக்கொண்டதாகும். கெராசிமோவ் சொன்ன விடை: “பத்தொன்பது ஆண்டுகள்.”

இந்த விடையை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. கணக்குப்படி அதில் பிழை காண முடியாது. 1968க்கும் 1987க்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள்தாம். ஹுசாக்கின் பெயர் அதில் இல்லை, மன்னிப்பும் இல்லை, மறுப்பும் இல்லை. ஆயினும் அந்த அரங்கில் இருந்த எவருக்கும் பொருள் விளங்காமல் போயிருக்காது.

அடுத்தது 1989 அக்டோபர். எந்த நாடும் தன் பாதையைத் தானே தேர்ந்துகொள்ளலாம் என்ற பொருளில் ஷெவர்த்நாத்சே மாஸ்கோவில் நீண்டதோர் உரை ஆற்றியிருந்தார். அமெரிக்கத் தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சி ஒன்றில் அதைப் பற்றிக் கேட்டபோது, எங்களிடம் இப்போது இருப்பது ஃபிராங்க் சினாட்ரா கோட்பாடு என்றார் கெராசிமோவ். என் வழியிலேயே செய்தேன் என்று சினாட்ரா பாடிய பாட்டை நினைவூட்டி, ஹங்கேரியும் போலந்தும் தத்தம் வழியில் போகின்றன என்றார். தோழமை நாடு வழி தவறினால் படை அனுப்புவோம் என்ற பிரெஷ்னெவ் கோட்பாடு இருபது ஆண்டுகளாகக் கிழக்கு ஐரோப்பாவை அச்சத்தில் வைத்திருந்தது; அது செத்துவிட்டதென்ற சேதியைக் காலைக் காப்பியோடு கேட்பவருக்கும் புரியும்படி அவர் சொல்லிவிட்டார். இரண்டு வாரத்தில் பெர்லின் சுவர் திறந்தது. சுவரைத் திறந்தது அவருடைய வேடிக்கைப் பேச்சு என்று நான் சொல்லவில்லை. 1988 டிசம்பரிலேயே ஐ.நா. சபையில் கொர்பச்சேவ் படைக்குறைப்பை அறிவித்திருந்தார். அந்த முடிவுகள் பின்னால் இல்லாதிருந்தால் கெராசிமோவை விதூஷகர் என்றே உலகம் ஒதுக்கியிருக்கும்.

1989 டிசம்பரில் கொர்பச்சேவும் அமெரிக்க அதிபர் முதலாம் ஜார்ஜ் புஷ்ஷும் மால்டாவில், புயலில் ஆடிய கப்பலில் சந்தித்தார்கள். பனிப்போரை மத்தியதரைக் கடலின் அடியில் புதைத்துவிட்டோம் என்றார் நம் ஆள். 1990இல் அவரைப் போர்ச்சுகலுக்குத் தூதராக அனுப்பினார்கள். லிஸ்பனில் அவர் பணியில் இருக்கும்போதே, 1991 டிசம்பரில், அவரை அனுப்பிவைத்த நாடு உலக வரைபடத்திலிருந்து மறைந்தது. ரஷ்யாவின் தூதராக 1995 வரை அங்கேயே தொடர்ந்தார்.