4 பாட்டு, 500 பவுண்டு கடன்

(கிருஷ்ணகிரியில் இளைஞர்கள் நடத்திய இசை மாலையில் பேசியது)

தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

சற்று முன் இங்கே கிட்டார் வாசித்த தம்பி, "கம்பெனி கிடைச்சாத்தான் அண்ணா ரெக்கார்ட் பண்ண முடியும்" என்றார். அதற்குப் பதிலாக ஒரு இசைக்குழுவின் கதையைச் சொல்கிறேன்.

ஊர் மான்செஸ்டர். ஆண்டு 1976. பாட்டு என்றால் லண்டன்தான் என்றிருந்த காலம். நமக்குச் சென்னையும் பெங்களூரும் போல. ஹோவர்ட் டிவோட்டோ, பீட் ஷெல்லி என்ற இரண்டு மாணவர்கள் லண்டன் பக்கம் போய் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழுவைக் கேட்டார்கள். அந்தக் குழுவையே ஜூன் 4 அன்று தங்கள் ஊருக்கு வரவழைத்தார்கள். தாங்களும் அன்று வாசிப்பதாகத் திட்டம், ஆள் சேரவில்லை. ஆனால் அந்த இரவில் அறிமுகமான ஸ்டீவ் டிகிள் பேஸ் கிட்டாருக்கு வந்தார். டிரம்ஸுக்கு ஜான் மேஹர். ஜூலை 20 அன்று மேடை ஏறிவிட்டார்கள். அவர்கள்தான் பஸ்காக்ஸ்.

அப்புறம் 500 பவுண்டு கடன் வாங்கினார்கள். ஷெல்லியின் அப்பாவும் கொடுத்தார். டிசம்பர் 28, ஒரே நாளில் 4 பாட்டு. நியூ ஹார்மோன்ஸ் என்று தங்கள் சொந்தக் கம்பெனிக்குப் பெயர் வைத்து, 1977 ஜனவரியில் 1000 இசைத்தட்டு போட்டார்கள். அது விற்று, மறுபடி அச்சடித்து, 16,000 வரை போயிற்று.

எனக்கு உயிர் அந்தத் தட்டின் உறைதான். ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது டேக், அதாவது எத்தனையாவது முறை வாசித்துப் பதிவு செய்தது, மேலே கிட்டார் சேர்த்தார்களா என்றெல்லாம் அதில் அச்சிட்டிருந்தார்கள். மூன்று பாட்டு முதல் டேக், ஒன்று மூன்றாவது. பம்பைக்காரர் தோலை இழுத்துக் கட்டும்போது பக்கத்தில் நிற்கும் பையனையும் பிடிக்கச் சொல்வாரே, அப்படி. தொழிலை மறைக்கவில்லை.

தட்டு வந்த கொஞ்ச நாளில் டிவோட்டோ விலகினார். ஷெல்லி பாட ஆரம்பித்தார், குழு ஓடியது.

எங்கள் பம்பைக் குழுவின் பாட்டை ஒரு கேசட் கம்பெனியிடம் கொடுத்தோம். மாஸ்டர் டேப் திரும்பவேயில்லை. வாசித்த பெரியவர் இன்று இல்லை. அந்தக் கையும் எங்கும் பதிவில் இல்லை. நாங்களே 100 கேசட் போட்டிருக்கலாம். யாருக்கும் அது தோன்றவில்லை.

என்னிடம் 4 டிராக் ரெக்கார்டர் ஒன்று இருக்கிறது, நான்கு ஒலிகளைத் தனித்தனியாகப் பதிவது. இன்னும் ஓடுகிறது. மாங்காய் சீசன் முடிந்ததும் எடுத்து வருகிறேன். எந்த நான்கு பாட்டு என்று அதற்குள் முடிவு செய்து வையுங்கள்.