பாத்திக் துணி விற்று வாங்கிய நிலம்

எல்லோருக்கும் வணக்கம்.

ஓவியக் கல்லூரியில் சேரப் போகிறேன் என்று வீட்டில் சொன்னவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். அன்றைக்கு என்ன பதில் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். “படம் வரைஞ்சா சோறு போடுமா?” என் அம்மாவும் அதைத்தான் கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுப்படி வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே போய்விட்டேன்.

இதே கேள்விக்கு ஒரு ஆசிரியர் தன் மாணவர்களோடு சேர்ந்து கண்டுபிடித்த பதிலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அந்தப் பதில் சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில், இஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966இல் தொடங்கியது. சோழமண்டலம் என்பது இந்தக் கரையின் பழைய பெயர்; வெள்ளைக்காரர் வாயில் ‘கோரமண்டல்’ என்று ஆனதும் அதுதான்.

அதைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கருக்கு என் அம்மாவின் கேள்வி புதிதல்ல. 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே வரைந்தவர்தான், ஆனால் நேராக ஓவியப் பள்ளிக்குப் போக முடியவில்லை. தந்தித் துறையில் வேலை பார்த்தார். அப்புறம் காப்பீட்டு முகவராக இருந்தார். மதராஸ் ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தபோது வயது 25. கூடப் படித்தவர்களில் பலருக்கு அவர் அண்ணன் வயதுக்காரராக இருந்திருப்பார். அப்போது பள்ளிக்குத் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருக்கிறீர்களே, பாறையை நெம்பித் தள்ளுகிற நான்கு பேர், அதைச் செய்தவர். 1957இல் அவருக்குப் பின் அந்தப் பள்ளியின் முதல்வர் பதவிக்குப் பணிக்கர் வந்தார்.

முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு ஒரு காட்சி வருடா வருடம் கண்ணில் பட்டிருக்கும். ஐந்தாறு வருடம் உயிரைக் கொடுத்து வரையக் கற்ற பையன்கள் வெளியே போகிறார்கள். அவர்கள் படத்தை வாங்க ஊரில் ஆள் இல்லை. பம்பாயிலும் டெல்லியிலும் ஓரளவு உருவாகிவிட்ட ஓவியச் சந்தை மதராஸில் இல்லவே இல்லை என்று சொல்லலாம். ஒருவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் ஆவார். ஒருவர் விளம்பரக் கம்பெனிக்குப் போவார். நெசவாளர் சேவை மையத்தில் துணிக்கு வடிவம் வரையப் போனவர்கள் உண்டு. ஓவியர்கள் ஆதிமூலமும் ரெட்டப்ப நாயுடுவும் அங்கே வேலை பார்த்தவர்கள்தான். இவர்கள் இருவரும் வேலைக்கு நடுவிலும் வரைந்தார்கள். எல்லோராலும் அது முடியாது. காலை ஒன்பது மணிக்கு வேறு ஒருவருக்காகக் கோடு போட ஆரம்பிக்கிற கை, ராத்திரி பத்து மணிக்குத் தனக்காக ஒரு கோடு போடாது. எனக்குத் தெரியும், நான் சில வருடம் அப்படி இருந்தேன்.

சரி, பணிக்கர் என்ன செய்தார்? அரசாங்கத்திடம் மானியம் கேட்கலாம். புரவலரைத் தேடலாம். அவர் தன் பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே திரும்பிப் பார்த்தார். அந்தப் பள்ளி 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் ஆரம்பித்தது. ஆரம்பத்திலிருந்தே அது கைத்தொழில் பள்ளியும்கூட. உலோக வேலை, மண்பாண்ட வேலை, துணி வேலை எல்லாவற்றுக்கும் அங்கே பிரிவுகள் இருந்தன. ஓவியம் படிக்கிறவர்கள் அந்தப் பக்கம் அவ்வளவாகத் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். நாம் கலைஞர்கள், அது வேலைக்காரர் பகுதி என்கிற எண்ணம். பணிக்கர் மாணவர்களை அந்தப் பக்கம் போகச் சொன்னார்.

1960களின் நடுவில் கலைஞர் கைவினைச் சங்கம் உருவாயிற்று. மாணவர்களும் பழைய மாணவர்களுமாகச் சேர்ந்து சாயங்காலங்களில் கைவினைப் பொருள் செய்தார்கள். அதில் முக்கியமானது பாத்திக். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். உருகிய மெழுகைத் துணியில் கோடாகவோ பட்டையாகவோ தடவுவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. துணியைச் சாயத்தில் முக்கி எடுத்து, காயவைத்து, மறுபடி மெழுகு, மறுபடி சாயம். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்ந்த நிறத்துக்குப் போக வேண்டும், தலைகீழாகப் போக முடியாது. சாயத் தொட்டி சூடாக இருந்தால் மெழுகு உருகிவிடும், அதனால் குளிர்ந்த சாயம்தான். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுப்பார்கள். நடுவில் மெழுகு வெடித்த இடங்களில் சாயம் நரம்பு நரம்பாக ஊறியிருக்கும். அந்த நரம்புக் கோடுகள்தான் பாத்திக்கின் அழகே.

இவர்கள் செய்த பாத்திக் விற்றது. நன்றாகவே விற்றது. சுவரில் மாட்டுகிற ஓவியத்துக்கு விலை கேட்காத அதே ஊர், அதே கை வரைந்த துணியைக் காசு கொடுத்து வாங்கியது. அந்தப் பணத்தைச் சேர்த்து இஞ்சம்பாக்கத்தில் கடலை ஒட்டி சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அன்றைக்கு அங்கே மணலும் சவுக்கும்தான். கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற பெயரே அப்போது கிடையாது. நாற்பது பேருக்குப் பக்கமாகச் சங்கத்தில் இருந்தார்கள், எல்லோரும் குடிவரவில்லை. வந்தவர்கள் ஓலைக் கொட்டகையில் ஆரம்பித்து, வீடும் பட்டறையும் தாங்களே கட்டிக்கொண்டார்கள். நாளில் சில மணி நேரம் சோற்றுக்கு, மீதி நேரம் படத்துக்கு. ஏற்பாடு இவ்வளவுதான்.

சோழமண்டலம் என்றதும் கலை விமர்சகர்கள் ‘மதராஸ் இயக்கம்’ பற்றியும், கோட்டோவியம் பற்றியும், மண் சார்ந்த நவீனம் பற்றியும் எழுதுகிறார்கள். எழுத வேண்டியதுதான். பணிக்கர் 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டமும் எழுத்தும் எண்ணும் படமாகிற விதத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். ஆனால் எனக்கு முதலில் கண்ணில் படுவது அந்த ஏற்பாடுதான். முதலில் நிலம். நிலம் தங்கள் பெயரில், கடன் இல்லாமல், யாருடைய தயவும் இல்லாமல். அதனால் அங்கே எதை வரைவது, எதை மாட்டுவது என்று சொல்ல வெளியாள் யாரும் இல்லை. இந்தியாவில் கலைஞர் குழுக்கள் எத்தனையோ தோன்றி, ஒரு கண்காட்சி, ஓர் அறிக்கையோடு கலைந்திருக்கின்றன. அவர்களுக்கெல்லாம் கொள்கை இருந்தது. இஞ்சம்பாக்கத்தில் இருந்தவர்களுக்குக் கிணறும் கூரையும் இருந்தன.

கைவினை சோறு மட்டும்தான் போட்டதா? அங்கேதான் எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கிறது. செம்புத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் தட்டி அலங்காரப் பொருள் செய்த பழக்கம், தகட்டிலேயே சிற்பம் செய்கிற துணிச்சலைக் கொடுத்தது. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களைப் பாருங்கள். பற்றவைத்த செம்பு, பித்தளை, மேலே மெருகு. கோயில் வாகனமும் தேர் அலங்காரமும் நினைவுக்கு வரும். முன்னால் நின்று பார்க்கும்படி செய்தவை, சுற்றி வந்து பார்க்க அல்ல. மு. சேனாதிபதி ஓவியத்தோடு உலோகப் புடைப்பு வேலையும் செய்தார். இன்னொன்று, மெழுகு உறைவதற்குள் கோட்டை இழுத்து முடிக்க வேண்டும். தயங்கினால் துணியில் தெரிந்துவிடும். மதராஸ் ஓவியர்களின் கோட்டில் இருக்கிற அந்தத் தயங்காத தன்மைக்கு மெழுகும் ஒரு வாத்தியார் என்று நான் நம்புகிறேன். எல்லோரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், பரவாயில்லை.

ஊருக்குள் திறந்தவெளி அரங்கு ஒன்று கட்டினார்கள், பாரதி பெயரில். நாடகம், கவிதை, பேச்சு நடந்தது. பணிக்கரும் நண்பர்களும் 1944இல் தொடங்கியிருந்த முற்போக்கு ஓவியர் சங்கத்தின் சார்பில் 1961 முதல் ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ என்ற இதழ் வந்துகொண்டிருந்தது. வெளியூர், வெளிநாட்டுக் கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்ய விருந்தினர் இல்லம் உண்டு. இங்கிருந்து ஓவியர்கள் விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிஸ் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். சுல்தான் அலி இங்கே வந்து வாழ்ந்தார். வாசுதேவ் பல வருடம் இருந்துவிட்டு 1988இல் பெங்களூர் போனார்.

இங்கே வாழ்ந்த ஓவியர் கே. ராமானுஜத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பேச்சு சரியாக வராது. மனநோயோடு போராடிக்கொண்டிருந்தவர். வேறு எந்த ஊரிலும் அவருக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. சோழமண்டலத்தில் அவருக்குப் பேனாவும் மையும் காகிதமும் கிடைத்தன, பக்கத்தில் அவரைப் புரிந்துகொண்ட சிலர் இருந்தார்கள். அரண்மனைகள், பறக்கிற ஊர்திகள், பாம்புகள், தேவதைகள், நடுவில் தொப்பி போட்டுக்கொண்டு அவரே. ஒரு அங்குலம் விடாமல் கோடு. அந்தப் படங்களுக்கு முன்னால் நான் அழுதிருக்கிறேன். 1973இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். முப்பத்து மூன்று வயதுகூட இருந்திருக்காது, இருந்தால் அவ்வளவுதான். ஒரு ஊர் ஒருவரைத் தாங்கலாம், காப்பாற்றிவிட முடியும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சில வருடங்களும் அந்தப் படங்களும் இருக்கின்றன. தாங்கியதால் இருக்கின்றன.

குறைகளையும் பேசிவிடுவோம். ஆரம்பப் பட்டியலில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அர்னவாஸ் இருந்தார், அனிலா ஜேக்கப் இருந்தார். ஓவியப் பள்ளியில் படித்த பெண்களுக்கு ‘சோறு போடுமா’ என்ற கேள்விக்கு முன்னாலேயே வேறு பத்துக் கேள்விகள் இருந்தன; அவற்றுக்கு இந்த ஊரில் பதில் இல்லை. அப்புறம் வாரிசுப் பிரச்சினை. வீடு பிள்ளைக்குப் போகும், தூரிகை போகுமா? மணல்மேடு இன்று சென்னையின் விலையுயர்ந்த நிலம். வாடகை வீட்டில் இருந்துகொண்டு வரைகிற இன்றைய இளைஞர் அங்கே குடிபோக நினைக்கவே முடியாது. எந்தக் கேள்விக்காக அந்த ஊர் பிறந்ததோ, அதே கேள்வியோடு வருகிறவருக்கு இன்று அங்கே இடமில்லை என்பது என்னை உறுத்துகிறது.

1997இல் தொடங்கிய டெல்லியின் கோஜ், பெங்களூரின் ஒன் சாந்தி ரோடு போன்ற இடங்கள் வேறு வழியில் போகின்றன. யாரையும் நிரந்தரமாகக் குடிவைப்பதில்லை. சில வாரமோ சில மாதமோ கலைஞருக்கு இடம் கொடுத்து, அடுத்தவருக்கு வழிவிடுகிறார்கள். அதனால் நிறையப் பேருக்கு வாய்ப்பு கிடைக்கிறது. பதிலுக்கு, நிதிக்கு யாரையாவது எதிர்பார்த்திருக்க வேண்டும். இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், முதல் பத்து வருடத்துக்கு இஞ்சம்பாக்கம் வழி, அதற்குப் பிறகு இவர்கள் வழி என்பேன்.

பணிக்கர் 1977இல் காலமானார். 2009இல் அதே வளாகத்தில் அருங்காட்சியகம் திறந்தார்கள். பணிக்கர், தனபால், சந்தானராஜ், முனுசாமி, ஆதிமூலம் என்று ஒரு தலைமுறையே அங்கே சுவரில் இருக்கிறது. வெளியே மரத்தடியில் சிற்பங்கள். அந்த வேலையில் முன்னின்ற நந்தகோபாலும் 2017இல் போய்விட்டார்.

நான் அங்கே போகும்போதெல்லாம் ஒன்றைத் தேடுவேன். அந்த நிலத்தை வாங்கித் தந்த பாத்திக் துணிகள் எங்கே? விற்பதற்காகச் செய்தவை, விற்றுப்போயின. 1960களில், 70களில் மதராஸில் யார் யாரோ வாங்கிப்போய்ச் சுவரில் மாட்டினார்கள், கட்டிலில் விரித்தார்கள், போர்த்திக்கொண்டார்கள். கிழிந்தும் போயிருக்கும். ஆனால் எல்லாமே போயிருக்காது. உங்கள் பாட்டி வீட்டு டிரங்குப் பெட்டியில் அந்தக் காலத்துப் பாத்திக் துணி ஏதாவது கிடந்தால் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மூலையில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாவிட்டாலும் தூக்கிப் போடாதீர்கள், ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். வணக்கம்.