தெருவின் மனைக்கோடுகள்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

தான் வளர்ந்த கடைத்தெருவுக்கு முப்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறவர் முதலில் சொல்வது, "எல்லாமே மாறிவிட்டது" என்பதுதான். அந்தச் சொல்லில் இருக்கும் ஏக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது பாதி உண்மைதான். தெருவில் எல்லாம் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. அலமாரியில் உள்ள சரக்கு வாரந்தோறும் மாறுகிறது. பெயர்ப்பலகை சில ஆண்டுகளில் மாறுகிறது. கடை கைமாறுவதற்குப் பத்தோ இருபதோ ஆண்டுகள் ஆகின்றன. கட்டடம் இரண்டு மூன்று தலைமுறை நிற்கிறது. அந்தக் கட்டடம் எழுந்த மனையின் எல்லைக்கோடோ நூற்றாண்டுகளையே தாண்டி விடுகிறது. இவற்றுள் மிக மெதுவாக மாறும் அந்த மனைக்கோட்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். தெரு தெருவாக நீடிப்பதும் நீடிக்காமற்போவதும் அதைப் பொறுத்தே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

லண்டன் மாநகரில் 1666 செப்டம்பரில் மூண்ட பெருந்தீ 13,000-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சாம்பலாக்கியது. தீ அணைந்த சில நாட்களிலேயே கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென், அகன்ற நேரான சாலைகள் கொண்ட புதிய நகருக்கான திட்டத்தை அரசரிடம் அளித்தார். அது நிறைவேறவில்லை. வீடு எரிந்தாலும் மனை எரியவில்லை அல்லவா? அவரவர் மனைக்கு அவரவர் உரிமை கோரினார்கள். சில தெருக்கள் அகலமாயின என்பது தவிர, நகரம் பெரும்பாலும் பழைய கோடுகளின் மீதே எழுந்தது. வெளிச்சுவர்கள் செங்கல்லாகவோ கல்லாகவோ இருக்க வேண்டும் என்று 1667-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இப்படியாகக் கட்டடப் பொருள் அடியோடு மாறியது, மனைக்கோடு பெரிதும் நிலைத்தது.

மனைகள் ஏன் குறுகலாகவும் நீளமாகவும் இருக்கின்றன என்பதற்குக் காரணம் எளியது. வியாபாரம் செய்கிற ஒவ்வொருவருக்கும் தெருவைப் பார்த்த முகப்பு வேண்டும். பின்புறம் எவ்வளவு நீண்டாலும் கவலையில்லை. இங்கிலாந்தின் ஆல்னிக் என்ற சிற்றூரை ஆராய்ந்து 1960-இல் கோன்சென் என்ற புவியியல் அறிஞர் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய மனைகளின் வாழ்க்கையை அழகாகக் காட்டுகிறது. முதலில் தெருவோரம் வீடு எழுகிறது; பிறகு பின்பக்கத்தில் கிடங்கு, பட்டறை, குடியிருப்பு என்று சிறிது சிறிதாக இடம் நிரம்புகிறது; நெரிசல் முற்றியதும் இடித்துக் காலியாக்கப்படுகிறது; பிறகு மீண்டும் தொடக்கம்.

வியாபாரம் அந்தக் குறுகிய முகப்புக்குள் எப்படித் தன்னைப் பொருத்திக்கொண்டது என்பதை அறிய, இத்தாலியின் பழைய நகரான பொம்பேயின் கடை வாசலில் சற்றுக் குனிந்து பார்க்க வேண்டும். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த அந்த நகரில், கடைகளின் கல் வாசற்படியில் நீளமான பள்ளம் ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது. ஓர் ஓரத்தில் மட்டும் அந்தப் பள்ளம் நின்றுவிடுகிறது. அங்கே கதவின் அச்சு சுழல்வதற்கான குழி இருக்கிறது. இரவில் மரப்பலகைகளை ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் செருகி நிறுத்தி, கடைசியில் ஓரத்துச் சிறு கதவைச் சாத்திப் பூட்டியிருக்கிறார்கள். பலகையின் இடத்தில் பிற்காலத்தில் இரும்பு ஷட்டர் வந்தது. பகலில் முகப்பு முழுவதையும் திறந்து வைப்பது, இரவில் முழுவதையும் அடைப்பது என்ற வேலை மட்டும் மாறவில்லை.

கண்ணாடி வந்தபோது முகப்பின் தோற்றம் மாறியது. இங்கிலாந்தில் கண்ணாடி மீதிருந்த வரி 1845-இல் நீக்கப்பட்டது. சிறு சிறு சதுரங்களாகச் சட்டத்தில் பொருத்திய கண்ணாடிகள் போய், பெரிய ஒற்றைக் கண்ணாடிகள் பரவின. அப்போதும் மனையின் அகலம் குலையவில்லை.

அதைக் குலைத்தது, வாடிக்கையாளர் எங்கே நிற்கிறார் என்ற மிகச் சிறிய மாற்றம். முன்பெல்லாம் வாங்குகிறவர் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பார்; சரக்கும் கடைக்காரரும் அந்தப் பக்கம். கேட்டதை எடுத்துக் கொடுப்பார்கள். அதற்குப் பத்தடி அகலம் போதும். 1916-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் திறந்த பிக்லி விக்லி கடையில், வாங்குகிறவரே கூடையுடன் உள்ளே நடந்து பொருளைத் தாமே எடுத்துக்கொண்டார். நடப்பதற்கு இடம் வேண்டும். அலமாரிகள் வரிசையாக நிற்க அகலம் வேண்டும். இந்த முறை பரவிய இடங்களிலெல்லாம் கடைகளுக்கு இடையிலிருந்த பொதுச்சுவர்கள் உடைந்தன. இரண்டு மூன்று மனைகள் ஒன்றாயின. மேலே உயர வழி செய்தது லிஃப்ட். நியூயார்க் பிராட்வேயில் 1857-இல் ஓட்டிஸ் என்பவர் அமைத்த, நீராவியால் இயங்கிய லிஃப்ட் பயணிகளை ஏற்றத் தொடங்கிய கடைக் கட்டடம் ஐந்து மாடிதான். ஆனால் படியேற வேண்டியதில்லை என்றானபின் மாடிகளின் மதிப்பும் அவற்றைத் தாங்கும் மண்ணின் மதிப்பும் ஏறிக்கொண்டே போயின. ஒரே தளம் கொண்ட கடை ஈட்டும் வருமானத்தை அதன் மனையின் விலை பலமடங்கு மிஞ்சிவிடும் நாளில், நன்றாக நடக்கிற கடையும் மூடப்படுகிறது. வியாபாரம் தெரியாததால்தான் பழைய கடைக்காரர் போய்விட்டார் என்று சொல்வோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அவருக்கு அது பெரிய அநீதி என்றே நினைக்கிறேன்.

மாற்றமே கூடாது என்று நான் வாதாடவில்லை. லண்டனின் பிரிக் லேன் தெருமுனையில் ஒரு கட்டடம் இருக்கிறது. பிரான்சிலிருந்து அடைக்கலம் தேடி வந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் 1743-இல் அதைத் தேவாலயமாகக் கட்டினார்கள். 1819-இல் அது மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் ஆலயமாயிற்று. 1898-இல் யூதர்களின் தொழுகைக்கூடமாயிற்று. 1976-இல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசலாயிற்று. வந்து குடியேறிய ஒவ்வொரு மக்களுக்கும் அதே செங்கற்சுவர் இடம் கொடுத்திருக்கிறது. அதன் உச்சியில் உள்ள சூரியக் கடிகாரத்தில் 'நாம் நிழல்கள்' என்ற லத்தீன் சொற்கள் இன்றும் இருக்கின்றன.

சிறிய மனைகளும் பழைய கட்டடங்களும் கலந்திருக்கும் தெருவில்தான் இத்தகைய கைமாற்றம் இயல்பாக நடக்கிறது. புதுக் கட்டடத்தின் கடனை அடைக்க உயர்ந்த வாடகை வேண்டும். அந்த வாடகையைப் பெரிய நிறுவனங்களே தர முடியும். ஆகவே புதிதாகத் தொழில் தொடங்குகிறவருக்குத் தேய்ந்த பழைய கட்டடமே புகலிடம். இதை 1961-இலேயே நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் விளக்கிவிட்டார். இருபது மனைகள் உள்ள தெருவில் ஒரு கடை மூடினால் ஒரு பல் விழுந்தது போலத்தான்; இன்னொருவர் வந்து திறப்பார். இருபதையும் சேர்த்து எழுப்பிய ஒரே கட்டடம் மூடினால், தெருவின் ஒரு பக்கம் முழுவதும் இருண்டு போகிறது. நடந்து செல்கிறவருக்கு இருபது கதவுகளுக்குப் பதில் ஒரே நீண்ட சுவர்.

இந்த மாற்றங்களின் தடயங்கள் எந்தத் தெருவிலும் கண்முன்னே கிடக்கின்றன. ஒரு பெயர்ப்பலகையைக் கழற்றும்போது நின்று பார்த்தேன். திருகுகள் வெளியே வந்ததும், அதற்கு முந்தைய பலகையின் ஆணித்துளைகள் நான்கு மூலைகளிலும் தெரிந்தன. துளைகளுக்கு நடுவே, வெயில் படாமல் நிறம் காத்திருந்த சுவரில், தூரிகையால் எழுதிய இன்னும் பழைய எழுத்துகள் மங்கலாக நின்றன. மூன்று கடைக்காரர்கள் ஒரே சுவரில் இருந்தார்கள். மறுநாள் காலை அங்கே புதுச் சாயம் பூசியாகிவிட்டது. தெருவின் ஒரு கடைக்குள் மட்டும் இரண்டு படி இறங்க வேண்டியிருந்தால், சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியிருக்கிறார்கள், அந்த வாசல் மட்டும் பழைய மட்டத்திலேயே நிற்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

லண்டனில் ஜான் டாலிஸ் என்ற பதிப்பாளர் 1838 முதல் 1840 வரை, தெருத் தெருவாக ஒவ்வொரு கட்டடத்தின் முகப்பையும் வரைந்து, கடைக்காரரின் பெயரையும் குறித்து, மலிவான சிறு ஏடுகளாக வெளியிட்டார். கடைக்காரர்களின் விளம்பரத்துக்காகச் செய்த வேலை அது. இன்று ஆய்வாளர்கள் அதைத்தான் தேடிப் போகிறார்கள். நம்மில் ஒவ்வொருவரிடமும் இப்போது கேமரா இருக்கிறது. உங்கள் தெருவின் எதிர்ச்சாரியில் ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டு, ஆண்டுக்கு ஒரு முறை அதே இடத்தில் நின்று படம் எடுங்கள். கதவு எண், முகப்பின் அகலம், கீழே என்ன விற்கிறார்கள், மாடியில் யார் இருக்கிறார்கள் என்ற நான்கையும் படத்தோடு எழுதி வையுங்கள். பலகை கழற்றப்படுகிற நாள் வந்தால், சாயம் பூசுவதற்கு முன்பே போய்விடுங்கள்.